எலிக்குலத்தின் மேல் ஏற்றிய பழி

குழந்தைகளுக்கென எழுதப்படும் கதைகளைப் பெரியவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. அட்டையைப் பார்க்கிறோம், படங்களைப் புரட்டுகிறோம், ஆபாசம் ஏதும் இல்லை என்று கண்டதும் மனநிறைவோடு பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம். நஞ்சென்றால் நாற்றம் வீச வேண்டும் என்பது நம் எண்ணம். பாலிலே கலந்த நஞ்சு பாலின் நிறத்தையே பெற்றிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

சுண்டெலிகளும் எலிகளும் கோட்டைகளில் மோதிக்கொள்ளும் கற்பனைக் கதைகள், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலெல்லாம் பரவி நிற்கின்றன. ஆங்கில நூல்களை விரும்பிப் படிக்கும் நம் மாணவர் சிலரின் கைகளுக்கும் அவை வந்து சேர்ந்துள்ளன. அவற்றுள் பெரும்புகழ் பெற்ற ஒரு வரிசை, இன்னார் நல்லவர், இன்னார் தீயவர் என்பது பிறக்கும்போதே முடிந்துபோன செய்தி என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. அக்கருத்தை நான் மறுக்கிறேன். அதே கருத்து நம் ஆசிரியர் அறைகளிலும் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத் துணிகிறேன்.

செங்கல் மதிலும் அதன் பகைவரும்

நான் குறிப்பிடும் வரிசை, பிரையன் ஜேக்ஸ் எழுதிய 'ரெட்வால்' கதைகள். முதலில் அவருக்குரிய பெருமையை அவருக்குக் கொடுத்துவிடுவோம். 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்து, 2011ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். கப்பலிலும் லாரியிலும் வேலை செய்து பிழைத்த உழைப்பாளி. பால் கொண்டு கொடுக்கும் வேலையில் இருந்தபோது, அந்நகரின் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டத் தொடங்கினார். கையில் கிடைத்த நூல்கள் நிறைவு தராமையால் தாமே ஒரு கதையை எழுதினார். கண்ணால் காணவியலாத அப்பிள்ளைகளின் மனத்திலே காட்சி விரிய வேண்டும் என்பதற்காகவே மணத்தையும் சுவையையும் ஒலியையும் பக்கம் பக்கமாக வருணித்தார். அவருக்கு முன்பு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர், அக்கையெழுத்துப் படியை அவருக்குத் தெரியாமலே பதிப்பாளரிடம் சேர்ப்பித்தார். 1986ஆம் ஆண்டில் முதல் நூல் வெளிவந்தது. அதன்பின் மொத்தம் 22 புதினங்களாக வரிசை வளர்ந்தது. தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஓர் ஆசிரியரின் கைப்பட்டு உலகுக்கு வந்த நூலை ஆசிரியராகிய நாம் வெறுப்பதற்கில்லை. நான் வாதிடுவது அந்நூல்களின் உள்ளே ஓடும் கருத்தோடு மட்டுமே.

கதை எளியது. செந்நிற மணற்கல்லால் எழுந்த பெரியதொரு துறவிமடம். காட்டின் ஓரத்தில் கோட்டை போல் மதில் சூழ நிற்பது. அதனுள்ளே சுண்டெலித் துறவிகள் நோயுற்றோர்க்கு மருந்தும் பசித்தோர்க்கு உணவும் அளித்து அமைதியாக வாழ்கின்றனர். அவர்களோடு முள்ளெலிகள், அகழெலிகள், அணில்கள், நீர்நாய்கள் ஆகியனவும் உறவாடுகின்றன. அக்கோட்டையைப் பறிக்க ஒற்றைக்கண் எலித்தலைவன் குளூனி பெரும்படையோடு வருகிறான். அவன் படையில் எலிகளும், கீரியை ஒத்த சிறு ஊனுண்ணி விலங்குகளும் நிறைந்துள்ளன. மடத்தின் இளஞ்சுண்டெலி மத்தையஸ், பழைய வீரன் ஒருவனின் வாளைத் தேடிப் பெற்றுப் பகைவனை எதிர்க்கிறான். மடத்தின் பெருமணி அறுந்து விழுந்து குளூனியை நசுக்குகிறது. அறம் வென்றது, மறம் வீழ்ந்தது.

வீரக்கதை என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட்டையைப் பறிக்க வந்தவனை எதிர்த்து நிற்பது நேர்மையே. ஆயினும் அக்கதையுலகில் ஒரு சட்டம் எழுதாமலே இயங்குகிறது. சுண்டெலியாகப் பிறந்தவன் மதிலுக்குள்ளே இருப்பான். எலியாகப் பிறந்தவன் மதிலுக்கு வெளியே இருப்பான். உள்ளே இருப்பவன் தவறு செய்தாலும் நல்லவன். வெளியே இருப்பவனுக்கு இரங்கினாலோ இரக்கம் காட்டியவனே அழிவான். காயமுற்று வந்த இளநரி ஒருவனை மடத்தார் படுக்கையிலிட்டு மருந்திடுகின்றனர். அவனோ மடத்துப் பொருள்களைத் திருடிக்கொண்டு, தடுக்க வந்த முதிய துறவியைக் கொன்றுவிட்டு ஓடுகிறான். படிக்கும் பிள்ளை இதிலிருந்து என்ன கற்கும்? திருட்டு தீது என்பதையா, அல்லது இன்ன பிறப்பினருக்கு மருந்திடுவது மடமை என்பதையா?

தமிழில் பெயர்த்தால் என்னாகும்?

இங்கே நம் மொழி ஓர் அரிய உண்மையைக் காட்டிக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் சுண்டெலிக்கு ஒரு பெயர், எலிக்கு வேறொரு பெயர். இரண்டு சொற்களுக்கும் ஒலியளவிலும் உறவில்லை. ஆங்கிலத்தில் ஒருவனை எலி என்று சொன்னால், காட்டிக்கொடுப்பவன், நம்பத்தகாதவன் என்று பொருள். சுண்டெலி என்று சொன்னால் அச்சமும் அடக்கமும் உள்ளவன் என்று பொருள். ஆகவே அம்மொழியில் கதை தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

தமிழிலோ அப்படியன்று. சிறியது சுண்டெலி, வயலில் இருப்பது வயலெலி, முள் போர்த்தது முள்ளெலி, மண்ணை அகழ்வது அகழெலி. உயிரியலார் வெவ்வேறு குடும்பங்களில் வைக்கும் உயிர்களையும்கூட நம் முன்னோர் ஒரே பெயரின் கீழ் அழைத்தனர். ரெட்வால் கதையைத் தமிழில் பெயர்க்கப் புகுவோன் என்ன செய்வான்? மடத்தைக் காப்பவனும் எலி. மடத்துத் தோட்டத்தைக் கிளறுபவனும் எலி. மதுவடைப் பீப்பாய்களைக் காக்கும் முள்ளெலியும் எலி. மதிலை முற்றுகையிட்டு நிற்பவனும் எலி! இரு தரப்பாரும் ஒரு பெயரினர் என்றவுடன் அக்கதையின் பிறவிச் சட்டம் ஆட்டங்காண்கிறது. "எலிக்கும் எலிக்கும் என்னப்பா சண்டை?" என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டால் கதை விடை சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொட்டிலில் சூட்டிய பெயர்

பிறவிச் சட்டம் என்று நான் மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ண வேண்டா. ஆசிரியரே அதைச் சோதனைக்கு உட்படுத்தி இரண்டு நூல்கள் எழுதியுள்ளார்.

1995ஆம் ஆண்டில் வந்த நூலில், கொடிய படைத்தலைவன் ஒருவனின் கைக்குழந்தை போர்க்களத்தின் அருகே கைவிடப்படுகிறது. அது எலியன்று, எலிப்படையோடு சேர்த்து எண்ணப்படும் 'பெரட்' என்னும் ஊனுண்ணி இனத்தது. மடத்தார் அதை எடுத்துக்கொள்கின்றனர். பிரையோனி என்னும் இளஞ்சுண்டெலிப் பெண் தாயாக நின்று அன்போடு வளர்க்கிறாள். அக்குழந்தைக்கு வேய்ல் என்று பெயர் சூட்டுகின்றனர். அப்பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் 'தீமை' என்று ஒரு சொல் வரும். மீண்டும் மாற்றினால் 'இழிவு' என்று ஒரு சொல் வரும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்ன குற்றம் செய்துவிட்டது, இப்பெயரை ஏற்பதற்கு?

வேய்ல் வளர்கிறான், திருடுகிறான், நஞ்சிடவும் துணிகிறான், மடத்தைவிட்டு விரட்டப்படுகிறான். முடிவில், பெற்ற தந்தை பிரையோனியைக் குறிவைத்து எறிந்த படைக்கலத்தைத் தன்மேல் ஏற்று உயிர்விடுகிறான். இதைக் காட்டிலும் பெரிய சான்று வேறென்ன வேண்டும், அவன் நெஞ்சில் நன்மை இருந்தது என்பதற்கு? ஆனால் கதை அங்கும் இளகவில்லை. அவனை வளர்த்தவளே, அவன் இயல்பில் தீயவன்தான் என்னும் முடிவுக்கு வருகிறாள். உயிரைக் கொடுத்தும் அவனால் பிறப்பைத் தாண்ட முடியவில்லை.

2001ஆம் ஆண்டில் வந்த மற்றொரு நூலில் நிலைமை தலைகீழ். நீர்நாய்க் குழந்தையொன்றைக் கொள்ளைக் கூட்டத்தார் கவர்ந்து சென்று தம்முள் ஒருவனாக வளர்க்கின்றனர். கொலையையே தொழிலாகப் பயின்றும் அவன் கொல்ல மறுக்கிறான். நல்லவனாகவே நின்று தன் மடத்துக்குத் திரும்புகிறான். இரு நூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் மாணவன் பெறும் பாடம் இதுதான்: தீய குலத்தான் நல்ல வளர்ப்பிலும் கெடுவான், நல்ல குலத்தான் தீய வளர்ப்பிலும் கெடான். வளர்ப்பால் பயனில்லை, பள்ளியால் பயனில்லை, ஆசிரியரால் பயனில்லை. ஆசிரியப் பணியையே பொய்யாக்கும் இக்கருத்தை ஓர் ஆசிரியன் எவ்வாறு வாளாவிருந்து ஏற்பான்?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் நூலொன்றில் கடற்கொள்ளை எலியொருவன் மனந்திருந்தி மடத்துப் பிள்ளைகளின் நண்பனாகிறான். பிள்ளைகள் அவனை மிக விரும்புவர். ஆசிரியரின் உள்ளம் அவரது சட்டத்தினும் பெரியது என்பதற்கு அவன் ஒருவனே சான்று. ஆனால் இருபத்திரண்டு நூல்களில் அவனைப் போன்றவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெறும் கதைதானா?

"கதைதானே, எலியை வைத்து எழுதியதற்கு இவ்வளவு வாதமா?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு வரலாறு விடை சொல்லும். 1940ஆம் ஆண்டில் செருமானிய நாசி அரசு வெளியிட்ட கொள்கைப் பரப்புத் திரைப்படம் ஒன்றில், யூத மக்களின் காட்சியை அடுத்து எலிக்கூட்டங்களின் காட்சி காட்டப்பட்டது. இவர்களும் அவையும் ஒன்றே என்பது அதன் கருத்து. மனிதரை எலியாக்கிக் காட்டியபின் மனிதரைக் கொல்வது எளிதாயிற்று. 1994ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டில் அண்டை வீட்டாரைக் கரப்பான் பூச்சிகள் என்று அழைத்த பின்னரே வெட்டுக்கத்திகள் உயர்ந்தன. ரெட்வாலின் முதல் நூல் வந்த அதே 1986ஆம் ஆண்டில்தான், ஆர்ட் ஸ்பீகல்மன் என்னும் யூத ஓவியர், நாசி முகாமிலிருந்து உயிர்பிழைத்த தம் தந்தையின் வரலாற்றைச் சித்திரநூலாக வெளியிட்டார். அதில் யூதரைச் சுண்டெலிகளாகவும் நாசிகளைப் பூனைகளாகவும் வரைந்தார். பகைவர் இழிவாகச் சூட்டிய உருவத்தையே எடுத்து, அவ்வுருவத்துக்குள் இருந்த மனிதரைக் காட்டினார்.

பிரையன் ஜேக்ஸ் அத்தகைய கொடியோர் வரிசையில் வைக்கத் தக்கவர் அல்லர். அப்படிச் சொல்வது பெரும்பிழை. அவர் எளிய மக்களை நேசித்தவர். நான் சொல்வது இதுவே: ஒரு குலம் முழுமையும் தீயது என்று நம்பும் பழக்கம் ஓரிடத்தில் கற்பதன்று. எலியின்மேல் பழகிய பழக்கம் பின்னாளில் எவர்மேலும் பாயும்.

ஒரே கோட்டை, இரு குலங்கள்

பிறவிச் சட்டம் இல்லாமல் எலிக்கதை எழுத இயலாதா? இயலும் என்பதற்குச் சான்று, அமெரிக்க எழுத்தாளர் கேட் டிகமிலோ 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டெஸ்பரோ' என்னும் சுண்டெலியின் கதை. 2004ஆம் ஆண்டில் அந்நாட்டின் நியூபெரி விருதைப் பெற்ற இந்நூல், 2008ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது.

இங்கே ஒரே கோட்டைக்குள் இரு குலமும் வாழ்கின்றன. சுவர்களின் இடுக்கில் சுண்டெலிகள்; அடியில் உள்ள பாதாளச் சிறையில் எலிகள். மேலே விளக்கும் இசையும். கீழே இருளும் கைதிகளின் அழுகையும். டெஸ்பரோ சுண்டெலிகளின் வழக்கத்தை மீறி மனிதரோடு பேசினான். அதற்காகச் சுண்டெலிகளின் பேரவை கூடி அவனை எலிகளுக்கு இரையாக்கத் தீர்மானிக்கிறது. பெற்ற தந்தையும் அதற்கு உடன்படுகிறான். ஆக, மேல்தளத்து நல்ல குலமும் கொடுமை செய்ய வல்லதே.

கீழே ரோஸ்கூரோ என்னும் எலி பிறக்கிறான். இருளில் பிறந்தவனுக்கு ஒளியின்மேல் தீராத ஆசை. அவ்வாசையால் மேலேறி, விருந்து மண்டபத்துச் சரவிளக்கில் தொங்கி மகிழ்கிறான். இளவரசி அவனைக் கண்டு "எலி!" என்று கூவுகிறாள். அச்சொல் இழிசொல் என்பதை அவன் அன்றுதான் அறிகிறான். கைதவறி அரசியின் சூப்புக் கிண்ணத்தில் விழ, அதிர்ச்சியால் அரசி உயிர்விடுகிறாள். திரும்பி ஓடும்போது இளவரசியின் கண்ணில் கண்ட வெறுப்பு அவன் நெஞ்சை உடைக்கிறது. ஒளியை விரும்பியவன் அன்றுமுதல் பழியை விரும்புகிறான். அரசனோ நாட்டில் சூப்பையே தடைசெய்கிறான். எலிகள் அனைத்தையும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அறிவிக்கிறான். ஒருவன் விழுந்த பிழைக்கு ஒரு குலத்துக்கே தண்டனை!

கதையின் இறுதியில் டெஸ்பரோவின் ஊசிமுனையில் ரோஸ்கூரோ நிற்கிறான். மணி அறுந்து விழவில்லை. இளவரசி மன்னிக்கிறாள், சூப்பு உண்ண அழைக்கிறாள், மேலுக்கும் கீழுக்கும் தடையின்றிச் சென்றுவர வழி திறக்கிறாள். ஆயினும் அவன் இரண்டிடத்திலும் முழுமையாக ஒன்ற முடியாதவனாகவே வாழ்ந்தான் என்று ஆசிரியர் எழுதுகிறார். புறக்கணிக்கப்பட்டவனின் காயம் ஒரு கிண்ணம் சூப்பால் ஆறிவிடாது என்னும் உண்மையைப் பிள்ளைகளிடம் மறைக்காத நேர்மை அது. இந்நூலிலும் பாதாளத்து மற்ற எலிகள் கொடியனவாகவே வருகின்றன என்பது குறையே. எனினும் தீமை பிறப்பில் இல்லை, அது உண்டாக்கப்படுகிறது என்று காட்டும் துணிவு இதற்கு உண்டு.

எலிகள் தரும் சாட்சி

கதையை விட்டு உண்மை எலிகளிடம் வருவோம். எலி சுண்டெலியைக் கொல்வதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தென் அட்லாண்டிக் பெருங்கடலின் கஃப் தீவில், மனிதர் கப்பலோடு வந்து சேர்ந்த சாதாரண வீட்டுச் சுண்டெலிகள், தம்மினும் பன்மடங்கு பெரிய அல்பட்ரோஸ் பறவைக் குஞ்சுகளை உயிரோடு தின்று அழிக்கின்றன. மதிலுக்குள் இருக்கும் துறவியின் குலமல்லவா அது! கம்போடியாவிலோ, மகாவா என்னும் பயிற்சிபெற்ற ஆப்பிரிக்கப் பேரெலி 70க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை மோப்பத்தால் கண்டுபிடித்து மனித உயிர்களைக் காத்தது. 2020ஆம் ஆண்டில் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பொன்று அதற்குத் தங்கப்பதக்கம் அணிவித்தது.

இவற்றினும் சிறந்த சான்று சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு. 2011ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், குழாய்க்குள் அடைபட்ட தன் கூட்டாளியை விடுவிக்க எலி தானே கதவைத் திறக்கக் கற்றது. பக்கத்தில் சாக்லேட் இருந்தபோதும் கூட்டாளியை விடுவித்துப் பங்கிட்டது. 2014ஆம் ஆண்டில் அடுத்த கேள்வி எழுந்தது: வேற்றின எலியையும் விடுவிக்குமா? பழகாத இனத்தை விடுவிக்கவில்லை. கூடி வாழ்ந்த இனத்தை விடுவித்தது. அதன்பின் வெள்ளெலிக் குட்டிகளைப் பிறந்தது முதலே வேற்றினத்தாரோடு வளர்த்துப் பார்த்தனர். அவை வளர்ப்பு இனத்தைச் சேர்ந்த முன்பின் அறியாத எலிகளையும் காப்பாற்றின. தாம் பிறந்த இனத்தை அறியாதவனவாய் விட்டுவிட்டன.

வேய்லின் கதைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை. எலியே தன் குலத்தைப் பிறப்பால் அறிவதில்லை. கூடியிருந்த தொட்டிலால் அறிகிறது.

நம் முன்னோரின் கதைகள்

நம் இலக்கியம் இதில் குற்றமற்றதா? இல்லை. பஞ்சதந்திரத்தில் முனிவர் ஒருவர் சுண்டெலியைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். கதிரவனும் மேகமும் காற்றும் மலையும் மணமகனாகக் காட்டப்பட்டும் அவள் எலியையே விரும்பி மீண்டும் எலியாகிறாள். பிறவிக்குணம் மாறாது என்னும் பாட்டு அன்றே பாடப்பட்டுவிட்டது. இதை மறைத்துவிட்டு மேலைநாட்டாரை மட்டும் குறைசொல்வது நடுநிலையன்று.

ஆனால் அதே பஞ்சதந்திரத்தின் வேறொரு பகுதியில் இரணியகன் என்னும் எலி, வலையில் சிக்கிய புறாக்களை விடுவிக்கிறது. அதைக் கண்ட காக்கை நட்பை வேண்டுகிறது. "நீ உண்பவன்; நான் உணவு. இது இயற்கைப் பகை" என்ற கருத்தில் எலி வளைக்குள்ளிருந்தே மறுக்கிறது. காக்கை பொறுமையோடு பேசுகிறது; பழகுகிறது; இறுதியில் இருவரும் பிரியா நண்பராகின்றனர். பிறவிப் பகையைப் பழக்கம் வென்றது.

புறநானூற்றில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கவர்ந்து வளையில் பதுக்கும் எலியைச் சொல்லி, அத்தகையோர் உறவு வேண்டா என்கிறான். ஊன்றிப் பார்த்தால் அங்கும் எலி பழிக்கப்படுவது பிறப்பினால் அன்று, பதுக்கும் செயலால். எலிபோல் நடக்கும் மனிதரே அவன் இலக்கு. எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒத்தது, வேறுபாடு செய்தொழிலால் வருவது என்று வள்ளுவர் வகுத்த நெறியும் அதுவே. நம் வீட்டில் இரண்டு விதைகளும் உள்ளன. எதை விதைப்பது என்பதே ஆசிரியன் முன் உள்ள கேள்வி.

ஆசிரியர் அறையின் மதில்

இனி என் உண்மையான வழக்குக்கு வருகிறேன். அயல்நாட்டுக் கதையாசிரியர் தொட்டிலில் பெயர் சூட்டியதைக் கண்டித்தோம். நாம் சூட்டும் பெயர்கள் எத்தனை? "அவன் அப்பன் எப்படியோ அவனும் அப்படியே." "அந்த லயத்துப் பிள்ளைகளே இப்படித்தான்." "இவள் அக்காளும் படிக்கவில்லை. இவளா படிக்கப் போகிறாள்?" இவை எந்தக் கோட்டையின் மதில்கள்?

பணிக்காலத்தில் பள்ளியொன்றில் நான் கண்டது இது. ஆண்டு முடிவில் ஒரு வகுப்பாசிரியர் அடுத்த ஆசிரியரிடம் பெயர்ப்பட்டியலை ஒப்படைத்தார். சில பெயர்களின் அருகே சிவப்பு மையால் புள்ளி இட்டிருந்தது. விளக்கம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. மூன்றாம் மாதம் அவ்வகுப்பில் பிள்ளைகளிடம் திரட்டிய பணத்தில் பத்து வெள்ளி காணவில்லை. முதலில் சோதிக்கப்பட்டது சிவப்புப் புள்ளி பெற்ற ஒரு சிறுவனின் பை. அவன் தந்தை சிறைக்குச் சென்று வந்தவர். பையில் பணம் இல்லை. இரண்டு நாள் கழித்து ஆசிரியரின் பதிவேட்டுக்குள்ளேயே அந்நோட்டு கிடைத்தது. மன்னிப்பு என்னும் சொல் அவ்வகுப்பில் ஒலிக்கவில்லை. அன்றுமுதல் அச்சிறுவன் காலையில் வந்ததும் தன் பையைத் திறந்து, வாய்ப்புறம் எல்லாருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்துவிட்டே அமர்வான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சரவிளக்கில் தொங்கிய எலி "எலி" என்னும் சொல்லின் பொருளை அறிந்த நாள் எதுவோ, அச்சிறுவனுக்கும் அந்நாள் அதுவே. அதன்பின் அவன் உண்மையாகவே திருடத் தொடங்கினால், "பார்த்தீர்களா, நான் அன்றே சொன்னேன்" என்று சிவப்பு மைக்காரர் பெருமிதம் கொள்வார். வேய்லின் கதை இப்படித்தான் எழுதப்படுகிறது, ஆசிரியரே எழுத்தாளராகிவிடுகிறார்.

1988ஆம் ஆண்டில் தொடங்கி 2019ஆம் ஆண்டு வரை நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை எடைபோட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால் தேறுவோர் பட்டியல், தேறாதோர் பட்டியல் என்று பிள்ளைகளைப் பிரித்து, முன்வரிசைக்கு நல்ல ஆசிரியரையும் பின்வரிசைக்கு எஞ்சிய நேரத்தையும் கொடுக்கும் மனம் அதனோடு நீங்கியதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். எங்கும் சிறுபான்மையாய் வாழ்ந்து, பிறர் நம்மை ஒரே பெயரால் இழிக்கும்போது கொதிக்கும் நாம், நம்முள்ளேயே மேல்தளமும் பாதாளமும் கட்டிக்கொள்ளலாமா?

தடை வேண்டா, கேள்வி வேண்டும்

"நன்மை தீமையைக் குழந்தைகள் தெளிவாக அறிய வேண்டாமா?" என்பர். வேண்டும். திருடுவது தீது, நலிந்தோரை வதைப்பது தீது, கோட்டையைப் பறிப்பது தீது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்வோம். செயலுக்குப் பெயர் சூட்டுவோம். பிறப்புக்குப் பெயர் சூட்ட வேண்டா. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் எட்டு வயதுப் பிள்ளைக்கு உண்டு. பல வேளைகளில் பெரியவர்களைவிட மிகுதியாகவே உண்டு.

ரெட்வால் நூல்களை அலமாரியிலிருந்து அகற்றச் சொல்லவில்லை. சூப்பைத் தடைசெய்த அரசனின் அறிவு நமக்கு வேண்டா. அந்நூலை எடுத்துக்கொண்டு வரும் மாணவனைக் கேள்விகளோடு அனுப்புவோம். குளூனியின் படையில் கடைசி வரிசையில் நின்ற எலிக்கு வீடு எங்கே இருந்தது? பனிக்காலத்தில் அதன் குட்டிகள் எதை உண்டன? மடத்து விருந்துக்கு அதை ஒருமுறை அழைத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்? வேய்லுக்கு நீ பெயர் சூட்டுவதானால் என்ன பெயர் சூட்டுவாய்? விடைகளைத் தமிழில் கட்டுரையாக எழுதச் சொல்வோம். கருத்துள்ள கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த தலைப்பு கிடைப்பது அரிது.

மாணவ நண்பர்களே, உங்களை எவரேனும் குலத்தையும் வீட்டையும் சொல்லி அளந்தால், அவ்வளவுகோலை ஏற்காதீர்கள். அதே கோலால் பிறரையும் அளக்காதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, வளர்ப்பால் ஒருவன் மாறுவான் என்னும் நம்பிக்கை இல்லாதவருக்கு இத்தொழிலில் வேலையில்லை. மருந்தில் நம்பிக்கையற்ற மருத்துவர் நோயாளியின் கையைப் பிடித்து என்ன பயன்? அடுத்த ஆண்டுப் பெயர்ப்பட்டியல் நம் கைக்கு வரும்போது அதில் சிவப்புப் புள்ளிகள் இருக்கக்கூடும். அவற்றைப் பாராமல், பெயர்களை மட்டும் வெள்ளைத்தாளில் படியெடுத்துக்கொண்டு வகுப்புக்குள் செல்வோம்.